மூளைக்கு எவ்வளவு போனது? போதை நரம்பியலில் போஸ்ட்டாக் பயிற்சி பற்றி

மது, போதைப்பொருள் பழக்கத்தின் நரம்பியலைக் கற்க வரும் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஆய்வாளர்கள் பெரும்பாலும் கையில் ஒரு நுட்பத்தோடு வருகிறார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ முனைவர் பட்டம் முடித்தவருக்கு மூளைச் சீவல்களில் மின்பதிவு எடுப்பது பழகியிருக்கும். சிங்கப்பூரிலேயே படித்த இன்னொருவருக்கு எஃப்எம்ஆர்ஐ எனும் மூளைச் செயல்பாட்டு ஸ்கேன் தரவு தண்ணீர்பட்ட பாடாக இருக்கும். சிங்கப்பூரில் ரிசர்ச் ஃபெல்லோ என்ற பெயரில் கிடைக்கும் ஒப்பந்தம் பல இடங்களில் ஓரிரு ஆண்டுதான். அதற்குள் இரண்டாவது நுட்பம், மூன்றாவது நுட்பம் என்று புகட்டிவிட வழிகாட்டிகள் அவசரப்படுகிறார்கள். அந்த அவசரம் புரிகிறது. ஆனால் இந்தத் துறையில் ஆய்வுகள் பாழாவதைப் பார்த்தவரை, நுட்பக் குறையால் பாழானவை குறைவு. இந்த மூளைக்கு, இந்த நேரத்தில், எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தெரியாமலேயே அளக்கத் தொடங்கியதால் பாழானவையே அதிகம். எலியானாலும் மனிதரானாலும் இதுதான் நிலை. பயிற்சியின் முதல் 3 மாதத்தை முழுக்க அளவுக்கே கொடுக்கவேண்டும் என்பது எங்கள் கட்சி.

போத்தலில் தொடங்கலாம்

முதலில் கற்றுக்கொடுக்க ஏற்றது, சுண்டெலிகள் இருட்டில் குடிக்கும் மாதிரி. ஆய்வுக்கூடங்களில் டிஐடி என்பார்கள். சி57பிஎல்/6ஜே சுண்டெலிகளைத் தனித்தனிக் கூண்டில் வைத்து, விளக்கணைந்து 3 மணிநேரம் கழித்துத் தண்ணீரை எடுத்துவிட்டு 20 விழுக்காடு எத்தனாலை மாட்டவேண்டும். முதல் 3 நாள் 2 மணிநேரம், 4ஆம் நாள் 4 மணிநேரம். கடைசி நாள் முடிவில் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனால் 80 மில்லிகிராமைத் தாண்டினால் மாதிரி வேலை செய்கிறது என்று பொருள். சிங்கப்பூரில் வாகனமோட்டிகளின் ரத்தத்துக்குச் சட்டம் விதித்திருக்கும் வரம்பும் அதே 80தான். எண் மனத்தில் நிற்க இது உதவும். அறுவை சிகிச்சை இல்லை, போதைப்பொருள் அனுமதி வேண்டாம், ஒரே வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். எளிதாகத் தெரிவதால் யாரும் கவனமாகச் செய்வதில்லை. அதனாலேயே பயிற்சிக்கு இது ஏற்றது.

கரைசலில் ஆரம்பிப்போம். 95 விழுக்காடு எத்தனாலில் 210.5 மில்லிலிட்டர் எடுத்து, தண்ணீர் ஊற்றி மொத்தத்தை 1 லிட்டருக்குக் கொண்டுவரவேண்டும். 210.5 மில்லிலிட்டரோடு 789.5 மில்லிலிட்டர் தண்ணீரைச் சேர்ப்பது இதற்குச் சமமாகாது; எத்தனாலும் தண்ணீரும் கலக்கும்போது கன அளவு சுருங்கும். இதைவிடப் பெரிய ஆபத்து எத்தனால் எந்தப் போத்தலிலிருந்து வருகிறது என்பது. கலப்படமற்ற எத்தனாலுக்குச் சிங்கப்பூரில் தீர்வை உண்டு. அதனால் ஆய்வுக்கூட அலமாரிகளில் மலிவாகக் கிடைப்பது, குடிக்க முடியாதபடி மெத்தனாலோ ஐசோபுரொப்பனாலோ சேர்த்த வகை. புதியவர் அவசரத்துக்கு அதை எடுத்துவிட்டால் எலி குடிக்காது, அல்லது குடித்து நஞ்சேறலாம். விலங்கு ஆய்வுக்கான எத்தனாலைத் தனிப் பூட்டில், தனி நிற வில்லையோடு வைப்பதை முதல் நாளே பழக்கிவிட வேண்டும்.

அடுத்தது சொட்டல். 25 கிராம் எடையுள்ள சுண்டெலி 0.6 மில்லிலிட்டர் குடித்தது என்று குழாய் காட்டுகிறது. 0.6 × 0.20 × 0.789 என்றால் 0.0947 கிராம் எத்தனால், 0.025 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 3.8 கிராம். அதில் 0.2 மில்லிலிட்டர் கூண்டு அசைந்து சொட்டியது என்றால் உண்மையில் குடித்தது 2.5 கிராம். மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிற்று. இதனால்தான் எலியே இல்லாத வெறுங்கூண்டுகள் இரண்டு மூன்றை ஒவ்வோர் அடுக்கிலும் வைத்து, அவற்றில் குறைந்த அளவின் சராசரியை எல்லாவற்றிலிருந்தும் கழிக்கிறோம். குளிரறையிலிருந்து எடுத்த போத்தலை நேரே மாட்டினால் உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து சொட்டலைத் தொடங்கிவைக்கும். அறை வெப்பத்துக்கு வந்தபின் மாட்டவேண்டும். குழாய்முனையில் இரும்புக்குண்டு உள்ள வகை நல்லது. அளவுகோடிட்ட 10 மில்லிலிட்டர் பிப்பெட்டில் அந்த முனையைப் பொருத்தினால் 0.1 மில்லிலிட்டர் வரை கண்ணால் படிக்கலாம். இரண்டு போத்தல் வைத்து விருப்பம் அளக்கும் ஆய்வென்றால் இடவலத்தை ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டும். சில எலிகள் எதை வைத்தாலும் இடப்பக்கமே குடிக்கும்.

குடித்த அளவு ஒன்று, ரத்தத்தில் இருக்கும் அளவு இன்னொன்று. இரண்டையும் ஒரே வரைபடத்தில் புள்ளியிட்டுப் பார்க்காமல் எந்த போஸ்ட்டாக்கையும் அடுத்த கட்டத்துக்கு விடக்கூடாது. கிலோவுக்கு 5 கிராம் குடித்ததாகக் கணக்கு காட்டி, ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் இருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். போத்தல் ஒழுகியிருக்கும், அல்லது எலி முதல் அரைமணியில் வேகமாகக் குடித்துவிட்டு எஞ்சிய நேரத்தில் எரித்திருக்கும். சுண்டெலி மனிதரைவிடப் பலமடங்கு வேகமாக எத்தனாலைச் சிதைக்கிறது. எது நடந்தது என்று அறிய, போத்தல் அளவை 30 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தாலே போதும். ரத்தத்தை அமர்வு முடிந்த உடனே எடுக்கவேண்டும். 25 கிராம் சுண்டெலியின் உடலில் மொத்தம் சுமார் 2 மில்லிலிட்டர் ரத்தமே உண்டு. அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டி எடுக்கக்கூடாது. அளவுக்கருவிக்குச் சில மைக்ரோலிட்டர் பிளாஸ்மா போதும் என்பதால் பேராசைக்குக் காரணமும் இல்லை. ஊசி குத்துமுன் தோலை ஆல்கஹால் பஞ்சால் துடைக்கும் பழக்கம் மட்டும் இங்கே கூடாது.

எலியின் பெயரின் கடைசி எழுத்தைப் படிக்கும் பழக்கமும் இப்போதே வரவேண்டும். 6ஜே, 6என் இரண்டும் 1951இல் பிரிந்த உள்வகைகள், ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 6ஜே அதிகம் குடிக்கும். 6என் வகையில் சிஃபிப்2 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் கொக்கேனுக்கான எதிர்வினையைக் குறைக்கிறது என்று 2013இல் கண்டறிந்தார்கள். மரபணு நீக்கிய எலி 6என் பின்னணியிலிருந்து வந்து, ஒப்பீட்டுக்கு வாங்கிய எலி 6ஜே என்றால், கிடைக்கும் அழகான வேறுபாடு நீங்கள் நீக்கிய மரபணுவால் வந்ததாக இருக்கவேண்டியதில்லை. ஒரே தாய் ஈன்ற குட்டிகளையே ஒப்பிடுங்கள். பெண் எலிகளையும் சேருங்கள். இந்த வகையில் பெண்கள் உடல் எடைக்கு ஆண்களைவிட அதிகம் குடிப்பார்கள், இரண்டையும் கலந்து ஒரே சராசரி எடுத்தால் ஒன்றும் விளங்காது.

சீவலில் ஊற்றும் அளவு

மின்பதிவு தெரிந்து வருபவர்கள் இந்தப் பகுதி தமக்கு வேண்டாம் என்று நினைப்பார்கள். 300 மைக்ரான் சீவல், 32 பாகைச் சூடு, தொடர் மின்தடை 20 விழுக்காட்டுக்கு மேல் மாறினால் அந்த செல்லை விடுவது என்று எல்லாம் தெரிந்திருக்கும். அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: சீவல் மூழ்கியிருக்கும் குளியல் கரைசலில் ஏன் 50 மில்லிமோலார் எத்தனால்? முந்தைய கட்டுரையில் அப்படி இருந்தது என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். கணக்கைத் தாளில் போடச் சொல்லுங்கள். 100 மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 0.8 கிராம், எத்தனாலின் மூலக்கூறு எடை 46.07, வகுத்தால் 17 மில்லிமோலார். 50 மில்லிமோலார் என்பது 230 மில்லிகிராம். பழக்கமில்லாத ஒருவர் அந்த அளவில் நிற்கவே தடுமாறுவார். பழகிய உடலில் அது சாதாரணம். எனவே 50 தவறான எண் அல்ல. யாருடைய மூளையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. 17, 50, 80 என்று மூன்று புள்ளிகளாவது எடுக்காமல் "எத்தனால் டோபமின் செல்லைத் தூண்டுகிறது" என்று எழுதுவதில் பொருளில்லை. இன்னொன்று: கரைசலுக்குள் வாயுக் குமிழி ஓடிக்கொண்டே இருப்பதால் எத்தனால் ஆவியாகிறது. காலையில் கலந்த கரைசல் மாலையில் அதே செறிவில் இருக்காது. பதிவுக்குச் சற்று முன் சேர்த்து, குளியலிலிருந்து வெளியேறும் கரைசலை அதே ரத்தக் கருவியில் அளந்து பார்க்கலாம்.

அனுமதிக்கும் கேத்தெட்டருக்கும் ஆகும் காலம்

ஹெராயின், கொக்கேன், மெத்தாம்ஃபெட்டமின் ஆய்வென்றால் நிலைமை வேறு. 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் இவற்றை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். ஆய்வுக்கு வரவழைக்க சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வேண்டும். விலங்குப் பராமரிப்புக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அந்தக் குழுக்கள் விலங்கு ஆய்வுக்கான தேசிய ஆலோசனைக் குழு 2004இல் முதலில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைப் பின்பற்றுகின்றன. இவையெல்லாம் வந்துசேர மாதங்கள் ஓடும். 2 ஆண்டு ஒப்பந்தத்தில் முதல் நாளே போதைப்பொருள் ஆய்வை மட்டும் ஒப்படைத்தால் முதல் ஆண்டு படிவங்களிலேயே கழியும். முதலில் மது ஆய்வு ஒன்றைக் கையில் கொடுத்து, அது ஓடும்போதே அனுமதிகளை எழுதச் சொல்வது நல்லது. படிவத்தை வழிகாட்டி எழுதிக்கொடுக்கக்கூடாது. நாளை சொந்தக் கூடம் அமைக்கப்போகிறவர் அவர்.

மருந்துப் பதிவேடு தனிப் பாடம். இரட்டைப் பூட்டு, ஒவ்வோர் எடுப்புக்கும் இருவர் கையொப்பம், மில்லிகிராம் வரை மீதி. தராசில் ஒட்டுவது, குப்பியில் எஞ்சுவது எல்லாம் சேர்ந்து சிறு பற்றாக்குறை வரும். அதை அன்றே எழுதவேண்டும். மாதக் கடைசியில் சேர்த்துச் சரிசெய்த கணக்கு தணிக்கையில் நிற்காது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லவேண்டிய இன்னொன்று: சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான். கருத்தரங்குக்காகக் கஞ்சா சட்டபூர்வமான ஊருக்குப் போகிறவர்கள் இதை அறிந்திருக்கவேண்டும்.

எலி நெம்புகோலை அழுத்தித் தானே மருந்தை ஏற்றிக்கொள்ளும் ஆய்வுக்குக் கழுத்துச் சிரையில் கேத்தெட்டர் என்ற மெல்லிய குழாய் வைக்கவேண்டும். அதைக் கற்க, சுண்டெலியல்லாமல் 250 முதல் 300 கிராம் எடையுள்ள பெரிய வகை எலி ஏற்றது. அறுவை சிகிச்சையைச் சில வாரத்தில் கற்றுவிடுவார்கள். குழாயை அடுத்த 6 வாரம் திறந்தே வைத்திருப்பதில்தான் தோற்பார்கள். அமர்வுக்கு முன்னும் பின்னும் ஹெப்பரின் கலந்த உப்புக்கரைசல், அதில் நுண்ணுயிர்க்கொல்லி, மெதுவாக அழுத்துவது, மூடியைக் கழற்றும்போது காற்று புகாமல் பார்ப்பது. இதில் ஒருநாள் சோம்பினால் ரத்தக்கட்டி. அடைத்துக்கொண்ட குழாயோடு எலி நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருக்கும். மருந்து உள்ளே போகாது. தரவில் அது ஆசை கூடியதுபோலவும் தெரியும், ஆசை அற்றுப்போனதுபோலவும் தெரியும். ஆகவே வாரம் ஒருமுறையும் ஆய்வின் கடைசி நாளிலும், சில நொடியில் வேலை செய்யும் மயக்க மருந்தைக் குழாய் வழியாகச் செலுத்தி, தசை உடனே தளர்கிறதா என்று பார்க்கவேண்டும். தளராத எலியின் தரவை, கடைசியாகத் தேறிய நாளுக்குப் பிறகு முழுவதும் விடவேண்டும். எலிகளின் எண்ணிக்கையைத் திட்டமிடும்போதே இந்த இழப்புக்கு இடம் விடுங்கள்.

வலிநிவாரணி பற்றியும் யோசிக்கவேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு விலங்கு மருத்துவர்கள் பரிந்துரைப்பதில் புப்ரெனார்ஃபின் ஒன்று. அது ஓப்பியாய்டு, ஹெராயின் சென்று சேரும் அதே மியூ ஏற்பியில் அமரும். போதாததற்கு, சிங்கப்பூரில் சப்யூடெக்ஸ் என்ற பெயரில் சிகிச்சைக்கு வந்த அதே மருந்து ஊசியில் ஏற்றிக்கொள்ளப்பட்டுச் சீரழிந்ததால் 2006 ஆகஸ்ட்டில் கட்டுப்படுத்தப்பட்ட ஏ பிரிவுப் பொருளானது. மெலாக்ஸிகாம் அல்லது கார்ப்ரோஃபென், கூடவே வெட்டுமிடத்தில் மரப்பு மருந்து என்று மருத்துவரோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யவேண்டும். ஆய்வைக் காரணம் காட்டி விலங்கை வலியில் விடுவது ஒருபோதும் வழியாகாது.

மனிதரிடம் கேட்கும்போது

விலங்குக் கூடத்தில் பழகியவர்களை மனித ஆய்வுக்கும், அங்கிருந்து இங்கும், ஒரு மாதமாவது அனுப்பவேண்டும். மனநலக் கழகத்தில் 2008 முதல் இயங்கும், நேம்ஸ் என்று அழைக்கப்படும் போதைப் பழக்கச் சிகிச்சைச் சேவை போன்ற இடங்களில் மருத்துவர்களோடு பேசினாலே, எலி மாதிரி எவ்வளவு சிறிய பகுதியைத் தொடுகிறது என்று புரிந்துவிடும். மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 போதைப் பழக்கத்துக்குப் பட்டியலிடும் 11 அடையாளங்களில் 2, 3 இருந்தால் லேசானது, 6 அல்லது அதற்கு மேல் கடுமையானது. வேலை கெடுவது, குடும்பம் கெடுவது போன்ற அடையாளங்களுக்குக் கூண்டில் இணை இல்லை.

எவ்வளவு குடித்தார் என்று தெரிந்துகொள்வதில் பலர் சறுக்குவார்கள். "எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டால் "ரெண்டு" என்று பதில் வரும். எது ரெண்டு? காப்பிக்கடையில் வைக்கும் பெரிய பியர் போத்தல் சுமார் 640 மில்லிலிட்டர். 5 விழுக்காடு என்றால் 32 மில்லிலிட்டர் எத்தனால், எடையில் 25 கிராம். 8 விழுக்காடு ஸ்டவுட் என்றால் அதே போத்தலில் 40 கிராம். சிங்கப்பூரில் ஒரு அலகு 10 கிராம், அமெரிக்காவில் 14, பிரிட்டனில் 8. எந்த நாட்டுக் கட்டுரையிலிருந்து கேள்விப்பட்டியலை எடுத்தீர்களோ அந்த நாட்டு அலகு உங்களை அறியாமல் உள்ளே வந்துவிடும். கிராமில் எழுதுங்கள், கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.

நாள்காட்டி முறையே சிறந்தது. கடந்த 30 அல்லது 90 நாளை விரித்துவைத்து ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போவது. நினைவுக்கு ஆணி அடிக்க உள்ளூர் நாள்கள் வேண்டும்: சம்பள நாள், தீபாவளி, சீனப் புத்தாண்டு, தேசிய தினம், ஞாயிறு ஓய்வு. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை கடையில் வாங்கிப்போகவோ பொது இடத்தில் குடிக்கவோ 2015 சட்டம் தடை விதிப்பதால், "பத்தரைக்கு முன்னாடியே வாங்கி வச்சீங்களா?" என்ற கேள்வி நல்ல கணக்கைக் கொண்டுவரும். தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமான ஊழியரிடம் பேசும்போது எழுத்துத் தமிழில் கேட்காதீர்கள். "அண்ணே, போன மாசம் சம்பளம் வந்த சனிக்கிழமை எங்க உட்கார்ந்தீங்க? அந்தப் போத்தல எத்தனை பேரு பிரிச்சீங்க? அப்புறம் இன்னொன்னு வாங்குனீங்களா?" என்று கேட்டால் ஆளும் கூச்சப்படமாட்டார், எண்ணும் சரியாக வரும். ஆனால் தமிழ் தெரிந்த போஸ்ட்டாக்கையே ஆள்சேர்ப்பவராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் ஒப்புதல் வாங்குபவராகவும் பயன்படுத்துவது கூடாது. வேலை அனுமதிச் சீட்டை நம்பி வாழும் ஒருவர், தம்பிபோல் பேசும் ஆய்வாளரிடம் "முடியாது" என்று சொல்லத் தயங்குவார். முதலாளிக்குத் தகவல் போகாது என்பதைத் தெளிவாகச் சொல்லி, ஒப்புதலை வேறொருவர் வாங்கட்டும். தங்குவிடுதிக்குப் போய் ஆள் சேர்க்கும்போது மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கவே கூடாது.

சொன்னதைச் சரிபார்க்க ரத்தத்தில் பெத் எனப்படும் ஃபாஸ்ஃபாட்டிடைல் எத்தனால் உதவும். எத்தனால் இருந்தால் மட்டுமே சிவப்பணுச் சவ்வில் உருவாகும். சில வாரத்துக் குடியைக் காட்டும். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் என்றால் குடி இல்லை அல்லது மிகக் குறைவு, 200க்கு மேல் என்றால் மிகுதி. எடுத்த ரத்தத்தில் எத்தனால் மிச்சமிருந்தால் குழாய்க்குள்ளேயே பெத் உருவாகிக்கொண்டிருக்கும். அதனால் சீக்கிரம் மைனஸ் 80 பாகைக் குளிருக்குப் போகவேண்டும். மைனஸ் 20 போதாது. சிறுநீரில் எத்தில் குளுக்குரொனைட் 2, 3 நாள் காட்டும். ஆனால் கீழ்வரம்பை மிகத் தாழ்வாக வைத்தால் ஆல்கஹால் கைச்சுத்திகரிப்பான் பயன்படுத்துபவர்கள்கூட அதில் மாட்டுவார்கள்.

இந்த ஊருக்கே உரிய ஒரு சிக்கல் மரபணு. மதுவைச் சிதைக்க உதவும் ஏஎல்டிஎச்2 நொதியைச் செயலிழக்கச் செய்யும் ஆர்எஸ்671 மாற்றம் கிழக்காசிய வம்சாவளியினரிடம் பரவலாக உண்டு. அது இருந்தால் மது சிதையும்போது உண்டாகும் அசெட்டால்டிஹைடு என்ற நச்சு தேங்கி முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும். அவர்கள் பொதுவாகக் குறைவாகவே குடிப்பார்கள். தென்னிந்தியரிடம் இது மிக அரிது. 2020 கணக்கெடுப்பின்படி இங்கே வசிப்போரில் சீனர் சுமார் 74 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. மதுக் குழுவில் ஓர் இன விகிதமும் ஒப்பீட்டுக் குழுவில் வேறொன்றும் இருந்தால், "மது மூளையை மாற்றியது" என்று நீங்கள் எழுதுவது யார் குடிக்கவே முடிந்தது என்பதன் நிழலாக இருக்கலாம். இனத்தை மட்டும் குறித்துவைப்பது போதாது, உமிழ்நீரில் அந்த ஒரு மரபணு இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பல எஃப்எம்ஆர்ஐ புரோட்டோகால்களில் "ஸ்கேனுக்கு முன் 24 மணிநேரம் குடிக்காமல் வரவும்" என்று ஒரு வரி இருக்கும். சமூகமாகக் குடிப்பவருக்கு அது சரி. நாள்தோறும் நிறையக் குடித்து உடல் பழகிய ஒருவர் அதைக் கேட்டு நடந்தால், கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணிநேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற, உயிரைக் கொல்லக்கூடிய குழப்பநிலை வரலாம். ஆய்வாளரின் ஒரு வரி அறிவுரை ஒருவரை வலிப்பில் தள்ளக்கூடாது. தொலைபேசி வடிகட்டலிலேயே "காலையில எழுந்ததும் கை நடுங்குதா? நடுக்கம் நிக்கக் குடிப்பீங்களா? முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கா?" என்று கேட்கவேண்டும். ஒன்றுக்கு ஆம் என்றால் அவரை நிறுத்தச் சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். மதுவை நிறுத்தும்போது வரும் விலகல் எவ்வளவு கடுமை என்று அளக்கும் சிவா-ஏஆர் என்ற 10 கேள்வி மதிப்பீட்டை, 67க்கு எத்தனை என்று, ஒவ்வொரு போஸ்ட்டாக்கும் மருத்துவத் தாதி ஒருவர் பக்கத்தில் இருந்து பழகியிருக்கவேண்டும். முனைவர் பட்டம் அவரை மருத்துவராக்கிவிடாது என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும். போதையோடு வந்துவிட்டால் மூச்சுச் சோதனையில் பூச்சியம் வராதவரை ஒப்புதல் வாங்கவே கூடாது. வண்டி ஓட்ட விடாமல் டாக்சியில் அனுப்பும் செலவை நிதிக் கோரிக்கையிலேயே போட்டுவைக்கலாம்.

போதைப்பொருள் பயன்படுத்துவோரை ஆய்வு செய்வதில் சட்டம் இன்னும் நெருக்கமானது. பதிவுபெற்ற மருத்துவர் தம்மிடம் வருபவர் குறிப்பிட்ட போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று கருதினாலோ சந்தேகித்தாலோ 7 நாளுக்குள் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் சுகாதாரத் துறைத் தலைமைக்கும் அறிவிக்கவேண்டும். அமெரிக்க ஆய்வுகளின் ஒப்புதல் படிவத்தில் ரகசியக் காப்புச் சான்றிதழ் பற்றி ஒரு பத்தி இருக்கும். நீதிமன்றம் கேட்டாலும் தரவைக் கொடுக்கவேண்டாம் என்று அந்நாட்டு நிறுவனம் தரும் பாதுகாப்பு அது. அந்தப் பத்தியை இங்கே ஒட்டினால் பங்கேற்பாளருக்குப் பொய் சொன்னதாகிவிடும். எந்தத் தகவல் யாருக்குப் போகக்கூடும் என்பதை முதல் பக்கத்திலேயே எளிய மொழியில் எழுதவேண்டும். ஆய்வுக்குத் தேவையில்லாததைக் கேட்கவே கூடாது. ரத்தம் எடுப்பது போன்ற ஆய்வுகளில் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் ஒப்புதலுக்குச் சாட்சியையும் கேட்கிறது. இந்தப் பகுதியை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புமுன் சட்ட அலுவலகத்தில் காட்டிவிடுங்கள்.

இதன் விளைவு அறிவியலையும் தொடுகிறது. இங்கே ஆய்வுக்குக் கிடைப்பவர்கள் பெரும்பாலும் சிகிச்சையிலோ மறுவாழ்வு நிலையத்திலோ இருப்பவர்கள், பல வாரம் அல்லது மாதமாகத் தொடாதவர்கள். போதைப் பழக்கத்துக்கு நரம்பியலாளர் ஜார்ஜ் கூப் முன்வைத்த மூன்று கட்டச் சுழலில், போதையேற்றமும் விலகல் வேதனையும் கடந்து, மீண்டும் அதையே நினைத்து ஏங்கும் கட்டத்தில் இருப்பவர்கள். கொக்கேன் பழகிய எலிகளில் விலகிய நாள்கள் கூடக்கூட, மருந்தை நினைவூட்டும் அடையாளத்துக்கு எதிர்வினை கூடுகிறது என்று 2001இல் காட்டினார்கள். ஆகவே "எத்தனை நாள் விலகியிருக்கிறார்" என்பது அட்டவணையில் ஓர் ஓரத்து எண்ணாக இருக்கக்கூடாது. பகுப்பாய்வின் நடுவில் வரவேண்டும். காவலில் இருப்பவர் தரும் சம்மதம் எவ்வளவு தூரம் சுயவிருப்பம் என்ற கேள்வியையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கவேண்டும்.

புதிய பொருள்கள் பழைய கருவிகளை முறித்துவிடும். எட்டோமிடேட் கலந்த மின்சிகரெட்டுகள் பரவியதால் 2025 செப்டம்பர் 1 முதல் அது இங்கே போதைப்பொருள் சட்டத்தின் சி பிரிவில் சேர்க்கப்பட்டது. மயக்க மருந்தாகிய அது மூளைச் செல்களை அடக்கும் காபா-ஏ ஏற்பியில் வேலை செய்வதோடு, அட்ரினல் சுரப்பியில் கார்ட்டிசோல் உருவாகும் கடைசிப் படியையும் தடுக்கிறது. மன அழுத்தச் சோதனை வைத்து உமிழ்நீர்க் கார்ட்டிசோலை அளக்கும் பழைய திட்டத்தை இவர்களிடம் அப்படியே ஓட்டினால் "அழுத்தத்துக்கு எதிர்வினை மழுங்கிவிட்டது" என்ற முடிவு வரும். மழுங்கியது மூளையா சுரப்பியா என்று தெரியாது. இதயத் துடிப்பு மாறுபாடு, தோல் மின்கடத்தல் என்று கார்ட்டிசோலைச் சாராத ஒரு அளவையாவது கூட வைக்கவேண்டும். கார்ட்டிசோல் மிகத் தாழ்ந்திருந்தால் அது ஆய்வுத் தரவு மட்டுமல்ல, உடனே மருத்துவரிடம் போகவேண்டிய செய்தி.

வாரக் கூட்டம், விடைபெறுதல்

வாரக் கூட்டத்தில் அழகான வரைபடத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். கச்சாத் தரவைத் திறக்கச் சொல்லுங்கள். போத்தல் அளவு தாள், பெத் அறிக்கை, நாள்காட்டி. 4 எலியிலிருந்து 24 செல் எடுத்தால், ஒரே எலியின் செல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், எண்ணிக்கை 24 அல்ல என்பதை ஒவ்வொரு ஆண்டும் யாருக்காவது சொல்லவேண்டியிருக்கிறது. எஃப்எம்ஆர்ஐ பணிகளில் ஒரே ஆளை இருமுறை ஸ்கேன் செய்தால் கிடைக்கும் ஒற்றுமை (முழுமையானால் 1) சராசரியாக 0.4 அளவே என்று 2020இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. தனிமனிதர் மீண்டும் குடிப்பாரா என்று அதை வைத்துச் சொல்லத் துணியும் திட்டத்தை அப்போதே நிறுத்திவிடலாம். மியூ ஏற்பிக்கான ஓபிஆர்எம்1 மரபணு வகையை வைத்து, குடியைக் குறைக்கத் தரும் நால்ட்ரெக்ஸோன் மருந்து யாருக்கு வேலை செய்யும் என்று முன்கணிக்கும் எண்ணமும் அப்படித்தான். சிறு ஆய்வுகளில் பளிச்சிட்டது, 2015இல் அதற்கென்றே திட்டமிட்டு நடத்திய சோதனையில் தெரியவில்லை. கருதுகோளையும் தரவை விலக்கும் விதிகளையும் ஆய்வு தொடங்குமுன்பே பொதுவில் பதிவு செய்துவைக்கும் பழக்கத்தை ஊட்டினால், போஸ்ட்டாக் தம் விருப்பத்துக்கு எதிரான முடிவையும் அச்சமில்லாமல் எழுதுவார்.

இந்தத் துறைக்கு வருபவர்களில் சிலர் வீட்டில் குடியைப் பார்த்தவர்கள். அது அவர்களின் பலம். நேர்காணல் அறையில் அதுவே சுமையாகவும் ஆகலாம். கடினமான நேர்காணல்களை ஒரே நாளில் அடுக்காமல், முடிந்ததும் மூத்தவர் ஒருவரோடு அரைமணி உட்காரும் வழக்கம் வைத்தால் நல்லது; யாரும் காரணம் சொல்லிக் கேட்கவேண்டியிராது.

ஒப்பந்தம் முடியும்போது மருந்துப் பதிவேட்டின் மீதியை இருவர் சேர்ந்து எடைபோட்டுக் கையொப்பமிடவேண்டும். மைனஸ் 80 பாகைக் குளிர்பெட்டிகளின் வரைபடம், எலிகளின் உள்வகைப் பட்டியல், பகுப்பாய்வு நிரல், எந்த எலி எந்த நாள் ஏன் விலக்கப்பட்டது என்ற குறிப்பு ஆகியவை ஒரே கோப்புறையில் இருக்கவேண்டும். அடுத்தவர் அதை வைத்து ஒரு படத்தையாவது புதிதாக உருவாக்கிப் பார்த்தபிறகே ஒப்படைப்பு முடிந்ததாகக் கருதுங்கள். மனித ஆய்வில் இன்னொன்று உண்டு. 6 மாதத் தொடர் அழைப்புக்குக் காத்திருப்பவர்கள் இவருடைய குரலையே அறிவார்கள். மறுபடி குடித்துவிட்டவர் புதிய குரலைக் கேட்டால் எடுக்காமல் விட்டுவிடுவார், தரவில் அவர் காணாமல் போவார். எனவே கிளம்புவதற்கு 2 மாதம் முன்பே, அடுத்து அழைக்கப்போகிறவரையும் அதே அழைப்பில் உட்காரவைத்து, "அண்ணே, அடுத்த மாசத்துலேருந்து இவங்கதான் கூப்பிடுவாங்க" என்று பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டுப் போகவேண்டும்.